டான் செங் லோக்: முப்பது ஆண்டுகளாக ஒரே கோரிக்கை

மலாயாவை உருவாக்கிய மனிதர்கள் – 14

சென்ற இதழில் பார்த்த கப்பித்தான் யாப் ஆ லோய் 1885-இல் கோலாலம்பூரில் கண்மூடியபோது, தெற்கே மலாக்காவில் ஹீரன் தெருவின் பணக்கார வீடொன்றில் ஒரு பையனுக்கு இரண்டு வயது நிறைந்திருந்தது. யாப் ஆ லோய்க்கு ஈயச் சுரங்கமும், கூலிப்பட்டாளமும், சண்டைக்கு ஆளும் இருந்தன. சீனர்களின் தலைவர் என்றால் அப்போது அப்படித்தான் இருக்க முடியும். இந்தப் பையன் வளர்ந்து தலைவரானபோது கையில் இருந்தவை வேறு. மனு எழுதினார், சட்டமன்றத்தில் பேசினார், கடையடைப்புக்கு அழைத்தார், கடைசியில் ஒரு கட்சிக்குத் தலைமை தாங்கினார். பெயர் டான் செங் லோக்.

இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆங்கிலேயருக்கு வேண்டியவர், முதலாளிகள் கட்சியின் முதல் தலைவர், துன் பட்டம் பெற்றவர். மூன்றும் உண்மைதான். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கோரிக்கையை விடாமல் கேட்டவர் என்பது அந்த வரியில் வருவதில்லை. இந்த நாட்டைத் தன் வீடாகக் கொண்டவன் எந்த இனத்தவனாக இருந்தாலும் அவனுக்கு இங்கே சம உரிமை வேண்டும் என்பதே அந்தக் கோரிக்கை. இந்த அத்தியாயத்தில் அதைத்தான் பின்தொடரப் போகிறேன்.

1883 ஏப்ரல் 5-ஆம் தேதி, ஹீரன் தெரு 111-ஆம் எண் வீட்டில் பிறந்தார். டச்சுக்காரர் காலத்துத் தெரு அது. முகப்பைப் பார்த்தால் வீடு ஒடுங்கியதாகத் தெரியும். உள்ளே போனால் கூடம், முற்றம், அதைத் தாண்டி இன்னொரு கூடம் என்று நீண்டுகொண்டே போகும். மூதாதையான டான் ஹே குவான் சீனத்தின் புக்கியன் மாநிலத்துச் சாங்சோ வட்டாரத்திலிருந்து 1771-இல் மலாக்காவுக்குக் கப்பலேறியவர். பாட்டனார் டான் சூன் போக் நீராவிக் கப்பல் ஓட்டினார், மரவள்ளியும் கம்பீரும் பயிரிட்டார். பேரன் பிறக்கும்போது அந்தக் குடும்பம் மலாக்கா மண்ணில் நூறு ஆண்டுகளைக் கடந்திருந்தது.

இவர்கள் பாபா சீனர்கள். பெண்கள் சாரோங் கெபாயா உடுத்தினார்கள். வீட்டில் புழங்கியது மலாய்ப் பேச்சு. மூதாதையர் படையல் மட்டும் சீன முறைப்படி தவறாமல் நடந்தது. அதே ஊரில் காஜா பெராங் கிராமத்து மலாக்காச் செட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கோயிலும் கும்பிடும் தமிழ்ச் சைவம், வாயில் வருவது மலாய். மலாக்கா மனிதர்களை அப்படித்தான் வளர்த்தது. டான் செங் லோக்கிற்குச் சீன எழுத்து படிக்கத் தெரியாது. சீனத் தத்துவத்தை அவர் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தார். பிற்காலத்தில் சீனக் கூட்டங்களிலேயே ஆங்கிலத்தில் பேசினார். பக்கத்தில் நின்று ஒருவர் மொழிபெயர்த்தார். இதைச் சுட்டிக்காட்டி அவரைக் குறை சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுவது வேறு காரணத்துக்காக. சீனாவுக்குத் திரும்பிப் போகலாம் என்ற நினைப்பே இல்லாமல் வளர்ந்தவர் அவர். ஆகவே இங்கே என் உரிமை என்ன என்ற கேள்வியை மற்றவர்களுக்கு முன்பே கேட்டார்.

மலாக்கா ஹைஸ்கூலிலும் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்விக்கூடத்திலும் படித்துவிட்டு, 1902 முதல் 1908 வரை ராஃபிள்ஸிலேயே ஆசிரியராக இருந்தார். பிறகு மலாக்காவுக்குத் திரும்பி ரப்பரில் இறங்கினார். காலம் பார்த்து இறங்கினார் என்று சொல்ல வேண்டும். மலாக்காவின் டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கர் அளவில் ரப்பர் நட்டதுதான் மலாயாவில் வணிக ரப்பரின் தொடக்கம். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மோட்டார் கார் வந்தது, டயருக்கு ரப்பர் பறந்தது. 1910-இல் விலை உச்சத்துக்குப் போனது.

முதலில் உறவினர் ஒருவரின் தோட்டத்தில் உதவி நிர்வாகியாக இருந்தார். அடுத்துத் தோட்டம் தோட்டமாகப் போய் மரம், பால்வெட்டு, கணக்கு மூன்றையும் பார்த்து அறிக்கை கொடுக்கும் வேலை. 1910-இல் சொந்தமாகவே ரப்பர் நிறுவனங்களைத் தொடங்கினார். அவற்றில் ஒன்றான யுனைட்டெட் மலாக்கா இன்றும் செம்பனைத் தோட்ட நிறுவனமாகப் பங்குச் சந்தையில் இருக்கிறது. பின்னாளில் சைம் டார்பி போன்ற ஆங்கிலேய நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் அவருக்கு இடம் கிடைத்தது. முதலாளி வர்க்கத்து மனிதர் என்பதில் ஐயம் வேண்டாம். லயத்தில் படுத்து, விடியுமுன் வாளியோடு மரத்தடிக்குப் போன தமிழ்ப் பால்வெட்டுத் தொழிலாளியும் இவரும் ஒரே ரப்பரைச் சார்ந்து வாழ்ந்தார்கள், ஆனால் இரண்டு வேறு உலகங்களில். அதை மறைத்து இவர் கதையைச் சொல்லக் கூடாது.

பணம் வந்ததும் பதவிகள் வந்தன. 1912-இல் மலாக்கா நகராட்சி உறுப்பினர். முதல் உலகப்போர் சமயத்தில் தொண்டர் படையின் சீனப் பிரிவை மீண்டும் எழுப்பி, அதில் சாதாரணச் சிப்பாயாகப் பயிற்சி எடுத்தார். மலாக்காவில் தூங்கிக் கிடந்த சீன பிரிட்டிஷ் சங்கத்தைத் தட்டி எழுப்பினார். 1923-இல் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினரானார்.

அந்தச் சட்டமன்றம் ஒரு வினோதமான இடம். உறுப்பினர் யாரையும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஆளுநர் விரும்பினால் எதையும் நிறைவேற்றிக்கொள்ளலாம். அங்கே பேசுகிறவரால் பேச மட்டுமே முடியும். டான் செங் லோக் 11 ஆண்டுகள் பேசினார். 1926-இல் அவர் முன்வைத்த யோசனை அன்றைக்கு யாருக்கும் கனவிலும் வராதது: நீரிணைக் குடியேற்றங்களும் மலாய் மாநிலங்களும் ஒன்றாகி, தன்னைத் தானே ஆளும் ஒரே மலாயா வேண்டும். அப்போது கோலாலம்பூரில் ஓர் ஆட்சி, ஜொகூரில் ஓர் ஆட்சி, சிங்கப்பூரில் ஓர் ஆட்சி. நாடு என்று ஒன்று இருப்பதாகவே பலர் நினைக்காத காலம் அது.

1930-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ஈயமும் ரப்பரும் விழுந்தன. நம் ஆட்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். சீனத் தொழிலாளிகள் வருவதற்கு அதே ஆண்டு கட்டுப்பாடு வந்தது. 1933-இல் அயலார் சட்டம் என்ற பெயரில் அது இன்னும் இறுகியது. டான் செங் லோக் இந்தக் கட்டுப்பாட்டைக் கடுமையாக எதிர்த்தார். இரண்டு தலைமுறையாக இங்கே சுரங்கம் வெட்டியவர்களைத் திடீரென்று அயலார் என்று அழைக்கிறீர்களே என்பது அவர் வாதத்தின் சாரம். அரசுப் பணியில் உயர்பதவிகளை வெள்ளையருக்கு மட்டும் ஒதுக்கி வைத்த நிறபேதத்தையும் அவர் தொடர்ந்து தாக்கினார். 1934-இல் நீரிணைக் குடியேற்றங்களில் உள்ளூர் ஆட்களுக்கென்று ஓர் அரசுப்பணி திறக்கப்பட்டதில் இந்தப் பேச்சுகளுக்கும் பங்குண்டு. அதே ஆண்டுகளில் ஆளுநரின் நிர்வாகக் குழுவிலும் இருந்தார், பிரிட்டிஷ் விருதும் பெற்றார். உள்ளே உட்கார்ந்துகொண்டே எதிர்த்தவர்.

1935-இல் குடும்பத்தோடு ஐரோப்பா போனவர் 1939-இல்தான் திரும்பினார். மூன்றே ஆண்டுகளில் ஜப்பானியர் வந்தார்கள். சிங்கப்பூர் விழுந்தபின் சீனர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள் என்பதை இத்தொடரின் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். டான் செங் லோக் அதற்குமுன்பே தப்பி இந்தியா வந்துவிட்டார். போர்க்காலத்தைப் பெங்களூரில் கழித்தார். அங்கே சும்மா இருக்கவில்லை. மலாயாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த சீனர்களைத் திரட்டி 1943-இல் வெளிநாட்டுச் சீனர் சங்கம் அமைத்தார். போர் முடிந்தபின் மலாயா எப்படி இருக்க வேண்டும் என்று லண்டன் குடியேற்ற அலுவலகத்துக்கு விரிவான மனு அனுப்பினார். அதிலும் பழைய கோரிக்கைதான்: ஒன்றுபட்ட மலாயா, நிலையாக வாழ்கிற எல்லாருக்கும் சம குடியுரிமை.

1946-இல் நடந்தது அவருக்குக் கசப்பான பாடம். பிரிட்டிஷார் கொண்டுவந்த மலாயன் யூனியன் திட்டத்தில் தாராளக் குடியுரிமை இருந்தது. அவர் கேட்டதில் பெரும்பகுதி தட்டில் வைத்து வந்தது. ஆனால் சீனர்களும் இந்தியர்களும் அதற்காகக் குரல் எழுப்பவே இல்லை. பலருக்கு மனம் இன்னும் கடலுக்கு அப்பால் இருந்தது. மலாய் மக்களோ தங்கள் நாடு கைவிட்டுப் போகிறது என்று பொங்கி எழுந்தார்கள். டத்தோ ஓன் தலைமையில் அம்னோ பிறந்தது. பிரிட்டிஷார் பின்வாங்கினார்கள். பிறகு அம்னோவையும் சுல்தான்களையும் மட்டும் அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு புதிய அரசியல் சட்டம் பேசத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில்தான் அறுபத்து மூன்று வயது ரப்பர் முதலாளி யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். 1946 டிசம்பரில் இடதுசாரிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அமைத்த கூட்டு நடவடிக்கை மன்றத்துக்குத் தலைவரானார். மலாயா ஜனநாயக யூனியன், அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம், அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஜான் திவியைத் தலைவராகக் கொண்டு பிறந்திருந்த மலாயா இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) ஆகியவை அதில் இருந்தன. அந்தச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ்.ஏ. கணபதி, பின்னர் 1949-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட அதே கணபதி. இவர்களோடு இஷாக் ஹாஜி முகமது, டாக்டர் புர்ஹானுடின், அகமட் பூஸ்தமாம் ஆகியோரின் மலாய் அமைப்புகள் புத்ரா என்ற பெயரில் கைகோத்தன. தோட்ட முதலாளி தலைவர், தொழிற்சங்கக்காரர்கள் தோழர்கள், மலாய்த் தேசியவாதிகள் கூட்டாளிகள். மலாயா வரலாற்றில் அப்படி ஒரு மேடை அதற்கு முன்பு இருந்ததில்லை.

1947-இல் அவர்கள் மக்கள் அரசியல் சட்ட யோசனைகளை வெளியிட்டார்கள். சிங்கப்பூரும் சேர்ந்த ஒரே மலாயா. முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம். சுல்தான்கள் அரசியல் சட்டத்துக்கு உட்பட்ட மன்னர்கள். மலாய் மொழி ஆட்சிமொழி. மலாய் மக்களின் முன்னேற்றத்துக்குத் தனிக் கவனம். மலாயாவைத் தாயகமாக ஏற்று முழு விசுவாசம் காட்டுகிற யாவருக்கும் சம குடியுரிமை. அந்தக் குடிமக்கள் அனைவருக்கும் பொதுப்பெயர் மெலாயு. சீனரும் தமிழரும் தங்களை மெலாயு என்று அழைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். மலாய் அமைப்புகள் அந்தப் பெயரை அவர்களோடு பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தன. இரண்டு பக்கத்தாரும் விட்டுக்கொடுத்து எழுதிய ஆவணம் அது.

பிரிட்டிஷார் அதைப் பொருட்படுத்தவில்லை. 1947 அக்டோபர் 20-ஆம் தேதி நாடு முழுக்க ஹர்த்தால் அறிவிக்கப்பட்டது. காந்தியின் இந்தியாவிலிருந்து கற்ற முறை. சிங்கப்பூர் முதல் பினாங்கு வரை கடைகள் மூடின, சந்தைகள் வெறிச்சோடின, தோட்டங்களிலும் வேலை நின்றது. சீன வணிகச் சபைகள் ஒத்துழைத்ததால்தான் அந்த அளவுக்கு நடந்தது. அந்தச் சபைகளை இழுத்துவரக்கூடிய ஒரே ஆள் டான் செங் லோக்தான். ஆனால் ஒரு நாள் கடை மூடிய வணிகர்கள் அடுத்த போராட்டத்துக்கு வரவில்லை. 1948 பிப்ரவரி 1-ஆம் தேதி மலாயாக் கூட்டமைப்பு நடைமுறைக்கு வந்தது. குடியுரிமைக் கதவு குறுகிப்போனது. ஜூனில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இஷாக்கும் பூஸ்தமாமும் சிறைக்குப் போனார்கள், ஜனநாயக யூனியன் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. மேடையே இல்லாமல் போனது.

என் கருத்தில், டான் செங் லோக் கையெழுத்திட்டவற்றிலேயே சிறந்தது அந்த 1947 ஆவணம்தான். பிறகு அவர் செய்தவை எல்லாம் அதைவிடச் சிறிய மேடையில், அதைவிடக் குறைந்த பேரத்தில் நடந்தவை.

அவசரகாலத்தில் சீனர் என்றாலே சந்தேகம். காட்டோரத்தில் காய்கறி போட்டுப் பிழைத்த லட்சக்கணக்கான சீனக் குடியானவர்களை இராணுவம் ஒருபுறமும் கம்யூனிஸ்டுகள் மறுபுறமும் நெருக்கினார்கள். அரசிடம் பேச அவர்களுக்கு ஆளில்லை. 1949 பிப்ரவரி 27-ஆம் தேதி மலாயா சீனர் சங்கம் தொடங்கப்பட்டது, இன்றைய ம.சீ.ச. அதுதான். எச்.எஸ். லீ முதலான கூட்டமைப்புச் சட்டமன்றச் சீன உறுப்பினர்கள் அதற்கு அடிபோட்டார்கள், ஹை கமிஷனர் கர்னி ஊக்கம் கொடுத்தார், தலைவராக டான் செங் லோக்கை அழைத்தார்கள். ஆறே வாரத்தில், ஏப்ரல் 10-ஆம் தேதி, ஈப்போவில் நடந்த கூட்டத்தில் அவரை நோக்கிக் கையெறிகுண்டு வீசப்பட்டது. தோளில் காயம். அப்போது வயது 66. அதோடு ஒதுங்கியிருந்தால் யாரும் தவறாக நினைத்திருக்க மாட்டார்கள். அவர் ஒதுங்கவில்லை.

அடுத்து வந்தது பிரிக்ஸ் திட்டம். சுமார் 5 லட்சம் பேர் லாரிகளில் ஏற்றப்பட்டுப் புதுக்கிராமங்களில் குடிவைக்கப்பட்டார்கள். சுற்றிலும் முள்கம்பி. இரவில் ஊரடங்கு. வாயிலில் சோதனை. அரிசிக்குக்கூட அளவு, அதுவும் காட்டுக்குப் போய்விடும் என்ற பயத்தால். இந்த மக்களுக்கு வீடு கட்டவும் பிற உதவிகளுக்கும் ம.சீ.ச. லாட்டரி நடத்திப் பணம் திரட்டியது. சீட்டு வாங்க உறுப்பினர் ஆக வேண்டும். அதனால் கட்சியும் வளர்ந்தது. 1953-இல் ஹை கமிஷனர் டெம்ப்ளர் அந்த லாட்டரியை நிறுத்தினார். கட்சி அரசியலுக்குப் போய்விட்டது என்பது அவர் கோபம். பல ஆயிரம் ஏழைச் சீனர்களுக்கு ம.சீ.ச. என்றால் முள்கம்பிக்குள் கிடைத்த அந்த உதவிதான். கட்சியின் நற்செயல்களில் முதலிடம் இதற்கே.

இதே ஆண்டுகளில் இன்னொரு மேசையிலும் அவர் உட்கார்ந்தார். சமூகங்களின் தொடர்புக் குழு என்று பெயர். தலைமை வகித்தவர் யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த இ.இ.சி. துரைசிங்கம். அங்கே டத்தோ ஓனும் டான் செங் லோக்கும் நேருக்கு நேர் பேசி, குடியுரிமையைச் சற்றுத் தளர்த்த ஒரு புரிதலுக்கு வந்தார்கள். அம்னோவை எல்லா இனத்துக்கும் திறக்க வேண்டும் என்று ஓன் கேட்டார், கட்சி மறுத்தது. அவர் வெளியேறி 1951-இல் மலாயா சுதந்திரக் கட்சி தொடங்கியபோது டான் செங் லோக் அந்த மேடையில் இருந்தார். ஆனால் சில மாதங்களில் காற்று திசை மாறியது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல். உள்ளூரில் எச்.எஸ். லீ அம்னோவோடு கூட்டு வைத்தார். தலைவரைக் கேட்டுக்கொண்டு செய்த காரியம் அல்ல அது. 12 இடங்களில் 9 கூட்டணிக்குக் கிடைத்தது. ஓனின் கட்சிக்கு 2. டான் செங் லோக் கூட்டணியை ஏற்றுக்கொண்டார். இனம் கடந்த கட்சி என்ற பழைய ஆசையை விட்டு, இனத்துக்கொரு கட்சி வைத்துப் பேரம் பேசும் முறைக்கு அவர் வந்தது அப்போதுதான். வெற்றி எங்கே இருக்கிறதோ அங்கே போனார் என்று குறை சொல்லலாம். வேறு வழி திறந்திருந்ததா என்று கேட்டால், 1948-க்குப் பிறகு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பேரத்தின் விலையை ஒரு நாள் அருகிலிருந்து பார்க்கலாம். 1955 ஜனவரி 12. இடம் மலாக்காவில் டான் செங் லோக்கின் வீடு. ஒரு பக்கம் அம்னோ தலைவர் துங்கு அப்துல் ரஹ்மான், இன்னொரு பக்கம் சீனப்பள்ளி ஆசிரியர் சங்கத் தலைவர் லிம் லியான் கியோக். சீனத்தையும் ஆட்சிமொழியாக்க வேண்டும் என்பது ஆசிரியர்களின் கோரிக்கை. தேர்தல் நெருங்குகிறது, இப்போது இதைக் கிளப்பினால் மலாய் வாக்காளர் விலகுவார்கள் என்பது துங்குவின் கவலை. பேசி முடித்தபோது, தேர்தல் முடியும்வரை அந்தக் கோரிக்கையை எழுப்புவதில்லை என்று ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். சீனக் கல்விக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்வதாக வாக்குறுதி கிடைத்தது. நடுவில் அமர்ந்து இதை முடித்து வைத்தவருக்கு அந்த மொழியைப் படிக்கவே தெரியாது. ஆனாலும் அந்தப் பள்ளிகளுக்காக ம.சீ.ச. பெயரில் குழு அமைத்துப் பேசியவரும் அவர்தான். லிம் லியான் கியோக்கின் குடியுரிமையையே அரசு 1961-இல் பறித்தது. அதைப் பார்க்க டான் செங் லோக் உயிரோடு இல்லை.

1955 ஜூலையில் தேர்தல். வாக்காளர்களில் சுமார் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்த சீனர்கள் 11 விழுக்காடுதான். குடியுரிமைக் கதவு எவ்வளவு குறுகியிருந்தது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். அப்படியிருந்தும் கூட்டணி 52 இடங்களில் 15-இல் சீனர்களையும் 2-இல் இந்தியர்களையும் நிறுத்தி, மொத்தம் 51-இல் வென்றது. மலாக்காவில் நின்று வென்றவர் மகன் டான் சியூ சின். டிசம்பர் இறுதியில் கெடாவின் பாலிங் பள்ளிக்கூடத்தில் துங்குவும் சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷலும் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கைச் சந்தித்தபோது, மூன்றாவது ஆளாக மேசையின் இந்தப் பக்கம் இருந்தவர் 72 வயது டான் செங் லோக். பேச்சு முறிந்தது. தன் மக்களைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவரும் கடைசி முயற்சியும் பலிக்காத நாள் அது.

1957 ஆகஸ்ட் 31-ஆம் தேதி மெர்டேக்கா. அன்று முதல் இந்த மண்ணில் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை என்று அரசியல் சட்டம் சொன்னது. ஏற்கெனவே இங்கே வாழ்ந்தவர்கள் நிபந்தனைகளோடு விண்ணப்பிக்கலாம், லட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். தோட்டத்து லயங்களில் இருந்த தமிழர்களில் பலரும் இந்த வழியாகத்தான் குடிமக்கள் ஆனார்கள். பலர் படிவம் நிரப்பாமல் விட்டு, பின்னாளில் சிவப்பு அடையாள அட்டையோடு தவித்ததை இத்தொடரின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதிலுக்கு மலாய் மக்களின் சிறப்பு நிலை சட்டத்தில் எழுதப்பட்டது. 1926-இல் அவர் கேட்டது முழுமையாகக் கிடைக்கவில்லை. கிடைத்ததில் பெரும்பகுதி அவரும் அவர் கட்சியும் பேசி வாங்கியது.

கட்சி அவரை அதிக நாள் வைத்துக்கொள்ளவில்லை. 1958 மார்ச்சில் தலைவர் தேர்தலில் பினாங்கு டாக்டர் லிம் சோங் யூ 89 வாக்கு பெற்றார், டான் செங் லோக் 67. இளையவர்களுக்குக் கிழவரின் நிதானம் பிடிக்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்விகளில் நியாயம் இருந்தது. ஆனால் கட்சி தொடங்கிய சில வாரங்களிலேயே தோளில் குண்டுச் சிதறல் வாங்கியவரை வாக்கு எண்ணி அனுப்பிய விதம் இன்று படித்தாலும் நெருடுகிறது.

1960 டிசம்பர் 13-ஆம் தேதி மலாக்காவில் காலமானார். வயது 77. அடுத்த ஆண்டு மகன் டான் சியூ சின் கட்சித் தலைவரானார். 1959 முதல் 1974 வரை நாட்டின் நிதியமைச்சராகவும் இருந்தார். ஹீரன் தெரு இப்போது துன் டான் செங் லோக் சாலை. கோலாலம்பூரில் புடுராயாவுக்குப் போகிற வழியிலும் அவர் பெயரில் ஒரு சாலை உண்டு. பள்ளிப் புத்தகத்தில் பாலிங் படத்தில் ஓரமாக வருகிறார். 1947 ஆவணமோ பாடத்தில் சில வரிகளுக்கு மேல் வருவதில்லை. அதை முழுதாகப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

அடுத்த இதழில்: அந்த நகராட்சிக் கூட்டணியை அமைத்து, சுதந்திர மலாயாவின் முதல் நிதியமைச்சரான எச்.எஸ். லீ.

(தொடரும்)